தூரத்தில் நின்று எடுத்த தாலிப் படம்

சத்தியவேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மருந்துக்கடை மாடியில் இருக்கும் ஸ்டுடியோவை இன்றைக்கும் சிரஞ்சீவி கடை என்றுதான் சொல்கிறார்கள். சிரஞ்சீவி போய் இரண்டு வருஷமாகிறது. அப்படி ஒரு பேரை வைத்துக்கொண்டு, நாற்பது தாண்டின கையோடு, ஒரு கல்யாண வேலை முடிந்து வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கடையை நடத்துவது அவன் பெண்டாட்டி பத்மாவதி. போர்டில் இருக்கும் பேரை அவள் மாற்றவில்லை. மாற்றினால் வருகிற நாலு பேரும் வரமாட்டார்கள்.

பத்மாவதியின் நைனா அடுத்தவன் கழனியில் கரும்பு வெட்டிப் பிழைத்தவர். சொந்தமாக ஒரு ஏக்கர் என்று அந்தக் குடும்பம் பார்த்ததே அவர் கடைசிக் காலத்தில்தான். அவள் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைக்கும் படித்தாள். கல்யாணமாகி வந்த இடத்தில் கம்ப்யூட்டரில் ஆல்பம் அடுக்கக் கற்றுக்கொண்டாள். மாதக்கணக்கில் மற்றவர்கள் எடுத்த படத்தை வெட்டி ஒட்டினால் எது படம், எது குப்பை என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு அவளே எடுக்க ஆரம்பித்தாள். கேமராவைப் பெண்டாட்டி கையில் கொடுக்க சிரஞ்சீவிக்குக் கூச்சம் இருந்ததில்லை. அதை வெளியில் சொல்வதில்தான் கூச்சம்.

பெண்ணுக்கு அலங்காரம் செய்யும் அறையில், நலங்கு வைக்கும் இடத்தில் ஆம்பளை நுழைய முடியாது. அங்கே பத்மாவதி போவாள். ஒரே கேமரா. உள்ளே எடுத்து முடித்ததும் வாசலில் காத்துக்கொண்டிருக்கும் புருஷன் கையில் கொடுத்துவிடுவாள். ஆல்பத்தில் எல்லாம் சிரஞ்சீவி கைவண்ணம் என்றே ஊர் மெச்சியது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அவன் இருந்த வரைக்கும்.

அவன் செத்த வாரத்திலேயே, துக்கம் விசாரிக்க வந்த வாயோடு, "தேதி மாறாதில்ல?" என்று கேட்டவர்கள் உண்டு. முன்பணம் கொடுத்தவர்களுக்கு அவரவர் கவலை. பத்மாவதி மாறாது என்றாள். புருஷனின் தம்பி கிரண்குமார், ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறவன், லீவு போட்டுவிட்டு விளக்குப் பிடிக்க வந்தான். வீடியோவுக்கு எப்போதும் வெளியாள்தான். நகரியில் கல்யாணம். காலையிலிருந்து எல்லாம் சரியாகத்தான் போனது. ஐயர் தாலித் தட்டைச் சபையில் சுற்றி அனுப்பின நேரத்தில், மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி பத்மாவதியின் முழங்கையைத் தொட்டாள்.

"நீ கொஞ்சம் அப்பால போயேம்மா. தப்பா நெனச்சுக்காத."

தப்பாக நினைக்காதே என்று சொல்லிவிட்டு எதை வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது நம் ஊர் வழக்கம். தாலி அறுத்தவள் தாலி கட்டும் இடத்தில் நிற்கக்கூடாது. தெரியாத சங்கதியா? பத்மாவதிக்கும் தெரியும். ஆனாலும் கையில் கேமரா இருக்கும்போது தன்னை ஒருத்தரும் பார்க்கமாட்டார்கள் என்று எப்படியோ நம்பியிருந்தாள். கேமராவைக் கிரண்குமாரிடம் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். அவன் எடுத்த தாலிப் படத்தில் ஐயரின் முழங்கை இருந்தது, பாதி மாலை இருந்தது, தாலி இல்லை. வீடியோவில் இருக்கும்தான். வீடியோவை ஆல்பத்தில் ஒட்ட முடியுமா? அந்த வீட்டார் பேசின பேச்சை அவள் நின்றபடி கேட்டுக்கொண்டாள்.

அடுத்த கல்யாணத்திலும் இதே கதை. அதற்கு அடுத்ததிலும். மற்ற நேரமெல்லாம் அவளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எடுக்கச் சொல்கிறவர்கள், கெட்டிமேளம் கொட்டப் போகும்போது மட்டும் கண்ணால் துரத்தினார்கள். கல்யாண போட்டோகிராபர் என்று சொல்லிக்கொண்டு தாலிப் படம் எடுக்க முடியாதவளுக்கு என்ன பேர்?

சிரஞ்சீவியின் பைக்கை விற்றுவிட்டு, கிரண்குமாரையும் கூட்டிக்கொண்டு திருப்பதிக்குப் போனாள். பழைய கேமரா சாமான் வாங்கி விற்கும் சிட்டிபாபுவின் கடை. அங்கே அவள் பட்ஜெட்டுக்கு இரண்டு சாமான் இருந்தது. ஒன்று, இருக்கிற லென்ஸையே மாட்டிக்கொள்ளும்படி இன்னொரு கேமரா பாடி. மற்றது ஒரு நீள லென்ஸ், தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்துத் தருவது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும்.

"பாடி வாங்கிடுங்க அண்ணி," என்றான் கிரண்குமார். "நான் மேடையில நிக்கறேன். நீங்க பொண்ணு ரூம பாத்துக்குங்க. ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு கீது. யாரும் ஒரு வார்த்த பேசமாட்டாங்க."

"தம்பி செப்பறது கரெக்ட்டு அம்மா," என்றார் சிட்டிபாபு. "ஒரே பாடிய நம்பிக்கினு கல்யாணத்துக்குப் போறது ரிஸ்க்கு. லென்ஸ் அப்பறமா பாக்கலாம்."

இரண்டு பேரும் சொன்னது நியாயம். பத்மாவதி லென்ஸை மாட்டி, கடை வாசலில் நின்று பார்த்தாள். சாலைக்கு அந்தப் பக்கம் பூ கட்டிக்கொண்டிருந்தவளின் விரல் தெரிந்தது, விரலில் சுற்றிய நார் தெரிந்தது, நகத்து அழுக்கு தெரிந்தது. பூக்காரிக்கு இவள் இருப்பதே தெரியாது. தூரமாகப் போ என்றுதானே சொல்கிறார்கள்? போய்விட்டால் போயிற்று. எவ்வளவு தூரம் வேண்டுமோ அவ்வளவு தூரம் போய் நின்று எடுக்கலாம்.

இன்னொரு நினைப்பும் இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிரண்குமார் நல்ல பையன். ஆனால் பாடி வாங்கினால் மேடை அவனுடையது. தாலிப் படம் யாருடையதோ கடை அவருடையது. இன்றைக்கு அண்ணிக்கு உதவி என்று வருகிறவனுக்கு, நாளைக்கு அண்ணி உதவியாக இருப்பாள். பெண் ரூமில் எடுத்துவிட்டு வாசலில் நீட்டிய கை இந்த ஜென்மத்துக்குப் போதும் என்று அவளுக்கு இருந்தது.

"லென்ஸ் குடுங்க," என்றாள்.

அதை வைத்துக்கொண்டு முதலில் ஒத்துக்கொண்டது பச்சையம்மாளின் மகள் கல்யாணம். பச்சையம்மாள் பக்கத்து ஊர். மகள் கௌசிகா கைக்குழந்தையாக இருக்கும்போதே புருஷனை இழந்தவள். ஒரு ஏக்கர் வேர்க்கடலையையும் ஸ்ரீசிட்டி கேன்டீனில் பாத்திரம் தேய்க்கும் வேலையையும் வைத்து மகளை டிகிரி வரைக்கும் படிக்க வைத்தாள். மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன், சித்தூரில் மாங்கூழ் ஆலையில் சூப்பர்வைசர். கல்யாணம் திருப்பதியில் ஒரு மண்டபத்தில்.

"உன்ன மாதிரி ஒருத்திக்கு நானே குடுக்கலன்னா வேற எந்த மவராசி குடுப்பா?" என்றாள் பச்சையம்மாள்.

"மாப்பிள்ள வீட்ல எதுனா சொன்னா?"

"அவங்களுக்கு நீ யாருன்னே தெரியாது. கேக்கறதுக்குள்ள கல்யாணம் முடிஞ்சிடும். தாலி நேரத்துல மட்டும் தூரமா நின்னுக்கோ."

"அதுக்குத்தான்கா இத்த வாங்கிக்கீறேன்."

"நானும் அப்ப சமையக்கட்டுலதான் இருப்பேன்," என்று பச்சையம்மாள் சிரித்தாள். "நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்தானே."

அந்தச் சிரிப்பு பத்மாவதிக்குப் பிடிக்கவில்லை. பெற்று, வளர்த்து, பாத்திரம் தேய்த்துக் கட்டிக்கொடுக்கிறவளுக்கு மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க யோக்கியதை இல்லை. எங்கிருந்தோ வந்த சித்தப்பாவும் சித்தியும் தாரை வார்த்துக் கொடுக்க, கேமரா அவர்களைத்தான் எடுக்க வேண்டும். இதற்குப் பேர் மங்களம்.

கல்யாணத்தன்று காலை பெண் ரூமில் எடுக்க வேண்டியதை எல்லாம் எடுத்தாள். முகூர்த்தம் நெருங்கியதும் யாரும் சொல்வதற்கு முன்னால் தானே இறங்கினாள். மண்டபத்தின் கடைசி வரிசை நாற்காலிக்கும் பின்னால், சுவரை ஒட்டி, கொண்டுவந்திருந்த ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றாள். அட்சதை போட எல்லாரும் எழுந்து நிற்கும்போது தலைகளுக்கு மேலாகப் பார்வை போகவேண்டும். போனது. லென்ஸுக்குள் மேடை முழுக்க அவளுக்குச் சொந்தமாக இருந்தது.

கெட்டிமேளம் கொட்டியது. கோகுலகிருஷ்ணனின் கை கௌசிகாவின் கழுத்துக்குப் பின்னால் போனது. அவன் நகத்து மஞ்சள், அவள் கண்ணில் கலங்கிய மை, மாலையிலிருந்து உதிர்ந்த ஒரு இதழ். பத்மாவதி விரலை எடுக்காமல் தட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் பெண்ணின் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம் தெரிந்தது.

மேடைக்குப் பின்பக்கம், சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் கதவு. அதன் திரையை ஒரு சாண் விலக்கிக்கொண்டு பச்சையம்மாள் நின்றாள். கைநிறைய அட்சதை. போட்டாளா, கையிலேயே வைத்திருந்தாளா தெரியவில்லை. வாய் திறந்திருந்தது. மண்டபத்தில் இருந்த எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, மேடையைத் தாண்டி மண்டபத்தைப் பார்த்து நின்றது அவள் ஒருத்திதான். ஸ்டூல்மேல் நின்றவளை அவள் பார்த்தாள். இரண்டு பேர் கண்ணும் ஒரு வினாடி சந்தித்தன. திரை மூடிக்கொண்டது.

கடைக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்தபோது பத்மாவதி அந்த ஒரு படத்தைப் பெரிதாக்கினாள். நீள லென்ஸுக்கு ஒரு குணம் உண்டு. முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் நெருக்கி ஒன்றாக்கிவிடும். கதவு மேடையிலிருந்து இருபது அடியாவது தள்ளி இருந்தது. படத்தில் அப்படி இல்லை. மகள் தோளை ஒட்டினாற்போல் தாய் நின்றாள். தாலி ஏறுகிற கழுத்துக்கு மேலே அந்த முகம். இத்தனை வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே இதுதான் படம். இதை ஆல்பத்தில் வைக்க முடியாது என்றும் உடனே தெரிந்தது. அட்சதை போடும் கை ஒன்று அந்த முகத்தை மறைத்த வேறு படத்தை எடுத்து ஆல்பத்தின் நடுப்பக்கத்தில் போட்டாள். நல்ல படத்தைக் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொண்டாள்.

ஆல்பம் சித்தூருக்குப் போனது. தெருவே பார்த்ததாம். தாலிப் படம் மாதிரி ஒரு படம் இந்த ஜில்லாவில் எவனும் எடுத்ததில்லை என்று மாப்பிள்ளையே போன் பண்ணிச் சொன்னான். ஆவணிக்கு இரண்டு மூன்று கல்யாணம் பேசி வைத்தார்கள். பத்மாவதி அந்த வாரம் கொஞ்சம் நன்றாகத் தூங்கினாள்.

சாண் ஏறினால் முழம் சறுக்கும். ஆலை வேலையாகப் புத்தூர் பக்கம் போய்விட்டுத் திரும்பிய கோகுலகிருஷ்ணனின் பைக்கை ஒரு மணல் டிப்பர் தட்டியது. உயிர் தப்பியது. திருப்பதி ஆஸ்பத்திரியில் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

டிப்பர் ஓட்டியவன் குடித்திருந்தான். அதை யாரும் பேசவில்லை. கல்யாணமாகி நாற்பது நாள்கூட ஆகாத வீட்டில் கால் போனால் டிப்பர்காரனைப் பற்றி யார் பேசுவார்கள்? முதலில் ஜாதகத்தை எடுத்தார்கள், பிறகு முகூர்த்த நேரத்தை, பிறகு ஆல்பத்தை எடுத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா ரங்கையா கடைக்குப் போன் பண்ணினார். கிரண்குமார் எடுத்தான். பத்மாவதி ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"போட்டோ எடுத்தது யாருப்பா?"

"எங்க அண்ணி சார்."

"ஒங்க அண்ணன் இன்னா பண்றார்?"

கிரண்குமார் அண்ணியைப் பார்த்தான். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார்.

"அவங்க மேடையாண்டயே வரல சார்," என்றான் கிரண்குமார். "கடைசி வரிசைக்குப் பின்னால ஸ்டூல் போட்டு நின்னாங்க. லென்ஸ் இழுத்துக் குடுக்கும்."

"யாருக்குக் காது குத்தற? படம் என் மடியில கீது. பொண்ணு கண்ணுல மை கலைஞ்சது தெரியுது. பையன் நகத்துல மஞ்சள் தெரியுது. மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு எடுத்துட்டு தூரம்ன்றியே. தாலியறுத்தவ கழுத்தாண்ட நின்னுக்கீறா. வீடியோவுல தாலிய மட்டும் கிட்ட எடுத்துக்கீறான், யாரு எங்க நின்னாங்கன்னு அதுல தெரியல. தூரமா நின்னத பாத்தவங்க யாருனா இருந்தா கூட்டிக்கினு வா."

போனை வைத்துவிட்டார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்பார்கள். கண்ணடி பட்டவர்களுக்கு ஊர் ஆயிரம் பரிகாரம் வைத்திருக்கிறது. கண்ணடி போட்டவள் என்று பேர் வாங்கினவளுக்கு ஒன்றும் கிடையாது. படம் எவ்வளவு நன்றாக வந்திருந்ததோ அவ்வளவுக்கு அது அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மங்கலாக எடுத்திருந்தால் தப்பித்திருப்பாள்.

ஆவணிக் கல்யாணங்கள் ஒவ்வொன்றாகக் கை நழுவின. பையனின் சிநேகிதன் ட்ரோன் வைத்திருக்கிறானாம், பெண் வீட்டில் சென்னையிலிருந்து ஆள் கூட்டி வருகிறார்களாம். உண்மையைச் சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

"அன்னிக்கே பாடி வாங்கியிருந்தா இத்தன இல்ல அண்ணி," என்றான் கிரண்குமார். அவன் குத்திக்காட்டவில்லை, வருத்தத்தில்தான் சொன்னான். அது சரியாக இருந்ததால்தான் பத்மாவதிக்கு எரிச்சலாக வந்தது.

பார்த்தவள் ஒருத்தி இருக்கிறாளே என்று அவள் பச்சையம்மாளுக்குப் போன் பண்ணினாள். எடுக்கவில்லை. மறுபடியும் பண்ணினாள். எடுக்கவில்லை. ஒரு மத்தியானம், வெயில் கொளுத்தும் நேரத்தில், பச்சையம்மாளே மாடி ஏறி வந்தாள். முந்தானையைத் தலையில் போட்டிருந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மாப்பிள்ளைக்கு எப்படிக்கா கீது?"

"கீறாரு. மாப்பிள்ள வீட்ல கூப்ட்டு வெச்சுக் கேட்டாங்க பத்மா. யாரு கண்ணு பட்டுதுன்னு. கௌசிகா எதிர்லயே கேட்டாங்க. நீ எங்க இருந்தன்னு என்னையும் கேட்டாங்க. சமையக்கட்டுலன்னு சொன்னேன். அப்பறம் ஒம் பேரத்தான் சொன்னேன்."

பத்மாவதிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ரங்கையா யாரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார் என்பது இப்போதுதான் விளங்கியது.

"நான் எங்க நின்னேன்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அத்த சொல்லேன்க்கா. ஒரே ஒரு வார்த்த. இவ கடைசி வரிசைலதான் நின்னா, நான் பாத்தேன்னு."

"சொன்னா, அந்நேரம் நீ எங்க நின்னு பாத்தன்னு கேக்கமாட்டாங்களா?"

பச்சையம்மாள் கதவைப் பார்த்துக்கொண்டே தாழ்ந்த குரலில் பேசினாள். "பழி எங்கனா எறங்கித்தான் ஆவணும். எந்தலைல எறங்கினா எம்பொண்ணு தலைல எறங்கின மாதிரி. அவ அந்த வூட்ல குப்ப கொட்டணும். இப்பவே அவ கால் வெச்ச நேரம்னு ஒருத்தி பேசிக்கினு கீறா. ஒனக்குன்னா..."

"எனக்குன்னா? புதுசா போறதுக்கு இன்னா கீதுன்றியா?"

பச்சையம்மாள் இல்லை என்று சொல்லவில்லை. அறைந்துவிடலாமா என்று பத்மாவதிக்கு வந்தது. அந்தக் கையைப் பார்த்தாள். கேன்டீன் சோப்பில் வெந்து தோலுரிந்த கை. அறையத் தோன்றியது அடங்கிவிட்டது. கோபம் அடங்கவில்லை.

"நீ என்னைப் படம் புடிச்ச இல்ல," என்றாள் பச்சையம்மாள். "திரை சந்துல. நான் பாத்தேன். அது யார் கண்லனா பட்டா எம்பொண்ணு வாழ்க்க போச்சி. அத்த அழிச்சிடு. கால்ல வேணா வுழறேன்."

அந்தப் படத்தை ரங்கையாவுக்கு அனுப்ப ஒரு நிமிஷம் போதும். தாய்க்காரியே மேடைக்குப் பின்னால் நின்றாள் பாருங்கள் என்று ஒரு வரி. கடை பிழைத்துவிடும். பத்மாவதி அதை நினைக்காமல் இல்லை. முந்தின இரவெல்லாம் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். கௌசிகாவின் கண்ணில் கலங்கின மைதான் குறுக்கே வந்தது. அந்தப் பெண் என்ன பாவம் செய்தாள்?

கம்ப்யூட்டரைத் திறந்தாள். "ஒரு தடவ பாத்துக்கோ. அழிச்சிட்டா திரும்ப வராது."

படம் திரையில் வந்தது. பச்சையம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். மகள் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். "நான் சரியாவே பாக்கல பத்மா. கண்ணுல தண்ணி நிறைஞ்சிக்கிச்சி. இதுலதான் பாக்கறேன்," என்றாள். அவள் முகத்தில் அந்த ஒரு நிமிஷம் வேறு எதுவும் இல்லை, பெருமை மட்டும்தான். பிறகு அவள் கண் மகளின் தோளுக்குப் பின்னால் போனது. அங்கேயே நின்றுவிட்டது.

"இது நானா?"

"நீதான்."

"நான் கதவாண்ட இல்ல நின்னேன்?"

"கதவாண்டதான்க்கா நின்ன."

"இதுல அவ தோள் மேல நிக்கறேனே. மாப்பிள்ள கை எம்மூஞ்சில படறமாதிரி கீதே. இத்தன கிட்டயா நின்னேன்?"

"இல்லக்கா. லென்ஸ் அப்படி இழுத்துக் காட்டும். பின்னால இருக்கறது பக்கத்துல இருக்கற மாதிரி தெரியும். நீ தூரமாத்தான் நின்ன." சொல்லும்போதே பத்மாவதிக்குக் கேட்டது. கிரண்குமார் போனில் சொன்ன அதே வார்த்தை. பொய் சொல்கிறவர்கள் சொல்வது மாதிரிதான் இருந்தது.

பச்சையம்மாள் திரையைத் தொட்டுப் பார்த்தாள். தன் முகத்துக்கும் மகள் கழுத்துக்கும் நடுவில் விரல் வைக்கக்கூட இடம் இல்லை.

"அழிச்சிடு," என்றாள்.

பத்மாவதி அழித்தாள். குப்பைத் தொட்டியிலிருந்தும் எடுத்தாள். அழிந்துவிட்டது என்று காட்டினாள். பச்சையம்மாள் பார்த்த மாதிரி தெரியவில்லை. முந்தானையை மறுபடியும் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படிக்கட்டு வரைக்கும் போனவள் திரும்பி நின்றாள்.

"அப்ப கண்ணு பட்டது என்னாலதானா பத்மா?"

"நீ இல்லக்கா. நான் சொல்றேன் பாரு, லென்ஸ்தான் அப்படிக் காட்டிச்சி."

சித்தூரில் ஒருத்தரும் நம்பாத அந்தப் பதிலைப் பச்சையம்மாளும் நம்பவில்லை. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.